பிடிப்பதா, புதைப்பதா, கல்லாக்குவதா? கார்பன் ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு

அக்கா மகள் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் தேடுகிறாள். கொழிஞ்சாம்பாறைக்காரி. "கார்பன் கேப்சர்ல போலாம்னு இருக்கேனுங்க மாமா. ஆனா அதுக்குள்ளயே அஞ்சாறு வழி பிரியுது, எதைப் புடிக்கிறது?" என்று கேட்டாள். ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, வானத்துக்குப் போகாமல் பிடிப்பதுதான் கார்பன் கேப்சர். நான் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் இருந்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் கணக்கோடு இங்கே எழுதுகிறேன். பாலக்காட்டுச் சித்தூர், வாளையாறு, மதுக்கரை, பொள்ளாச்சிப் பக்கத்தில் இதே யோசனையில் இருக்கும் பிள்ளைகள் வேறு சிலரும் உண்டு. எனக்கு இதில் சாய்வு இருக்கிறது, படிக்கும்போதே தெரிந்துவிடும்.

எந்தப் புகை?

பலர் தொழில்நுட்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் முதலில் புகையைப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் அது கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கச் சொல்வேன். நடுவில் இருக்கும் தொழில்நுட்பத்தை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

கேரள–தமிழ்நாட்டு எல்லையின் இரண்டு பக்கமும் சிமெண்ட் உண்டு. மதுக்கரை ஆலை 1934-இல் வந்தது. வாளையாற்றில் கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்த மலையடிவாரத்துச் சுண்ணாம்புக்கல்தான் இரண்டையும் இங்கே கொண்டுவந்தது.

சிமெண்ட் ஆய்வகத்தில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் செய்யும் சோதனை ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல் பொடி ஒரு கிராம் எடுத்து பிளாட்டினம் மூசையில் போட்டு, ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் மின்சார ஃபர்னஸுக்குள் வைப்போம். வெளியே எடுத்து, டெசிகேட்டரில் ஆறவிட்டு, மறுபடி எடை போடுவோம். சுத்தமான கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் 0.56 கிராம் மிஞ்சும். மீதி 0.44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போயிருக்கும். அந்த ஃபர்னஸில் நிலக்கரி ஒரு துண்டுகூட எரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லே வாயுவை விடுகிறது. ஒரு சிமெண்ட் சூளையின் மொத்த வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் இப்படிக் கல்லிலிருந்து வருவது. எரிபொருளால் வருவது மீதிதான்.

மின் நிலையத்தின் கதை வேறு. நிலக்கரிக்குப் பதில் சூரிய ஒளி வந்தால் அங்கே புகையே இருக்காது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை சுற்றத் தொடங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் சூளைக்கு முழுக்கச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் கல்லின் வாயு வந்தே தீரும். ஆகவே இருபது முப்பது வருஷம் நிலைக்கும் ஆராய்ச்சி வேண்டும் என்றால் அனல் மின் நிலையத்தை நம்பிப் போக வேண்டாம். சிமெண்ட், இரும்பு, ரசாயனம் பக்கம் போங்கள்.

வாயுவின் செறிவும் முக்கியம். நிலக்கரிக் கொதிகலன் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 14 சதவீதம் இருக்கும். சிமெண்ட் சூளையில் 20 சதவீதம், சில நேரம் அதற்கும் மேல். சாராய ஆலையின் நொதிக்கும் தொட்டியிலிருந்து வருவது கிட்டத்தட்டச் சுத்தமான வாயு. வெறும் காற்றில் இருப்பதோ 0.04 சதவீதம். காற்றிலிருந்தே நேராக உறிஞ்சும் வேலைக்கு இப்போது கவர்ச்சி அதிகம். ஐஸ்லாந்தில் 2021-இல் திறந்த ஓர்கா நிலையத்தின் திட்டமிட்ட அளவு ஆண்டுக்கு 4,000 டன். நாளுக்கு ஆயிரம் டன் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்ட் ஆகும் சுட்ட கட்டி) சுடும் சின்னச் சூளை ஒன்று அதை ஐந்தே நாளில் வெளியே விட்டுவிடும். அந்த வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊரில் உட்கார்ந்து செய்ய வேண்டியது அது இல்லை என்கிறேன்.

பிடிக்கும் வழிகள்

அமீன் என்ற நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மத்தின் கரைசலில் பிடிப்பது பழைய வழி; 1930-லேயே காப்புரிமை வாங்கியது. புகையை 40 டிகிரிச் சூட்டில் அமீன் கரைசலோடு உரச விட்டால் கார்பன் டை ஆக்சைடு அதில் ஒட்டிக்கொள்ளும். கரைசலை இன்னொரு கோபுரத்தில் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு பிரியும், கரைசல் திரும்ப முதல் கோபுரத்துக்குப் போகும். கேட்க எளிதாக இருக்கிறது. அந்த 120 டிகிரிதான் கழுத்தைப் பிடிக்கிறது.

ஒரு டன் வாயுவைப் பிரிக்கச் சாதாரண அமீனுக்கு 3.5 ஜிகாஜூல் வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்காரர் மொழியில் சொன்னால் கிலோவுக்கு 835 கிலோகலோரி. ஒரு கிலோ கிளிங்கருக்கு 0.85 கிலோ வாயு வருகிறது; அதில் 90 சதவீதம் பிடித்தால் கிலோ கிளிங்கருக்குச் சுமார் 640 கிலோகலோரி ஆகிறது. இன்றைக்கு நன்றாக ஓடும் இந்தியச் சூளை ஒன்று கிளிங்கர் சுடவே 740 கிலோகலோரிதான் செலவழிக்கிறது. அதாவது புகையைப் பிடிப்பதற்காகப் பக்கத்திலேயே இன்னொரு சூளை அளவுக்கு எரிக்க வேண்டும். நார்வேயில் பிரேவிக் சிமெண்ட் ஆலையில் 2025-இல் திறந்த அமைப்பு ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும். அது அந்த ஆலை விடும் வாயுவில் பாதி. ஏன் பாதியோடு நின்றது? ஆலையில் வீணாகும் வெப்பம் அவ்வளவுக்குத்தான் போதும். இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டால் பல விளம்பரங்களைச் சுலபமாக எடை போடலாம்.

அமீனில் ஆராய்ச்சி மீதி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் அதிகம் மீதி இருப்பது பொறியியலில். ஆக்சிஜன் பட்டால் கரைசல் சிதைந்து பழுப்பேறும், கந்தக ஆக்சைடு பட்டால் திரும்ப மீட்க முடியாத உப்பாகும், குழாயை அரிக்கும். கனடாவில் 2014-இல் தொடங்கிய பவுண்டரி டேம் நிலையம் சொன்ன அளவைப் பிடிக்கத் திணறியதற்கு இந்த மாதிரி அன்றாடத் தொல்லைகளும் காரணம். நம் பக்கத்து உதாரணம் தூத்துக்குடி. ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைசலை வைத்து, அங்குள்ள சோடா ஆஷ் ஆலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து வாயு பிடிப்பது 2016-இல் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் என்று சொன்னார்கள். அரசு மானியம் இல்லாமல் வந்த திட்டம் என்பதால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அது ஓட முடிந்ததற்குக் காரணம் கரைசலின் திறமை மட்டுமில்லை. சோடா ஆஷ் செய்யவே கார்பன் டை ஆக்சைடு வேண்டும்; வாயுவை வாங்கும் ஆலை அதே மதிலுக்குள் இருந்தது.

கெமிக்கல் என்ஜினீயரிங் படித்தவர்கள் அமீனுக்குப் போகலாம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இன்னொரு புதுக் கரைசல் கலக்கப் போனால் ஏற்கெனவே உள்ள கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டியிருக்கும்.

வேதியியல்காரர்களை இழுப்பது திட உறிஞ்சிகள். உலோகமும் கரிமச் சேர்மமும் சேர்ந்து கட்டும் நுண்துளைப் பொருள்களுக்கு 2025-இல் நோபல் பரிசும் வந்துவிட்டது; கிடாகாவா, ராப்சன், யாகி மூவருக்கும். 2025 மே மாதம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை சிமெண்ட் துறைக்கென ஐந்து சோதனைத் தளங்களை அறிவித்தது. அதில் ஒன்றில் ஏர்ப்பேட்டில் இருக்கும் திருப்பதி ஐ.ஐ.டி.யும் பங்காளி. அழுத்தத்தைக் குறைத்து வாயுவைப் பிரிக்கும் முறையைச் சூளைப் புகையில் பார்க்கும் வேலை அது. இந்த எல்லையில் பிறந்து வடவேங்கட எல்லைக்கும் போகலாம் என்பது என் சின்னச் சந்தோஷம். இதில் கவனிக்க வேண்டியது ஈரம். சூளைப் புகையில் தண்ணீர் ஆவி இருக்கும். சியோலைட் போன்ற நுண்துளைக் கனிமங்கள் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுத் தண்ணீரைத்தான் முதலில் பிடிக்கும். உலர்ந்த சிலிண்டர் வாயுவில் பார்த்த அழகான வரைபடம் புகைபோக்கியில் நிற்காது. ஈரத்தில் தாக்குப்பிடிப்பதும், பொடியைச் சிதையாத உருண்டையாக்குவதும்தான் இன்னும் ஆள் தேவைப்படும் இடம்.

நிலத்துக்குக் கீழே

பிடித்த வாயு எங்கே போகும்? எல்லைக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இது.

கார்பன் டை ஆக்சைடைப் புதைக்க மணற்கல் போன்ற துளையுள்ள படிவப் பாறை வேண்டும். அதற்கு மேலே கசியவிடாத மூடிப் பாறை வேண்டும். ஆழம் 800 மீட்டருக்குக் குறையக் கூடாது. அப்போதுதான் அழுத்தத்தில் வாயு அடர்ந்து கொஞ்ச இடத்தில் அடங்கும். பாலக்காட்டுக் கணவாயில் போர் போட்டவர் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். சில அடி மண், அப்புறம் கல், அதற்குக் கீழேயும் கல்தான். நைஸ், சார்னோகைட் என்று பெயர் சொல்லும் பழைய பாறை. வெடிப்பில் தண்ணீர் நிற்கும், உடம்பில் துளை கிடையாது. இங்கே புதைக்க இடமில்லை. பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குப் போகலாம் என்றால் தக்காணப் பசால்ட் வட கர்நாடகத்தில்தான் தொடங்குகிறது.

பக்கத்தில் இருக்கும் ஒழுங்கான படிவப் படுகை காவிரிப் படுகை. வாளையாற்றிலிருந்து மயிலாடுதுறையை அடுத்த குத்தாலம் பக்கம் போக 300 கிலோமீட்டருக்கு மேல். குழாய் போட வேண்டும், அதுவும் கொங்கு நாட்டுத் தோட்டங்கள் வழியாக. கெயில் எரிவாயுக் குழாயை ஏழு மேற்கு மாவட்டங்களில் பதிக்க வந்தபோது நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. 2013-இல் தமிழ்நாடு அரசே நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016-இல் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அது அடுப்பெரிக்கும் வாயு. யாருக்கும் பயன்படாத வாயுவுக்கு எந்த விவசாயி தென்னைக்கு நடுவில் இடம் விடுவார்? போய்ச் சேரும் இடமும் சும்மா இல்லை. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்துவிட்டது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டவே அது தடை சொல்கிறது.

பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூருக்கு வெளியே, கனமழைக்குப் பின் மண் சரிந்து கார்பன் டை ஆக்சைடு குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு பள்ளத்தில் தங்கியது. கார் இஞ்சின்கள் நின்றன. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 200 பேரை வெளியேற்றினார்கள். மழையும் மண்சரிவும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்தூர் தாலுகாவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை 2000-இல் வந்து 2004-இல் நின்றது. நிலத்தடி நீர் பற்றிய அந்தப் போராட்டத்தின் நினைவு இன்னும் ஆறவில்லை. பூமிக்குள் எதையோ செலுத்தப் போகிறோம் என்று இங்கே ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்று சொன்னால் முரணாகத் தெரியலாம். இந்தியா முழுவதையும் பார்த்தால் அதிகம் ஆள் தேவைப்படும் துறை இதுதான். நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை 2050-க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறது. அவ்வளவையும் சோடா ஆஷ் ஆக்க முடியாது. பெரும்பகுதி பாறைக்குள்தான் போக வேண்டும். உலகத்தில் நல்லதும் கெட்டதுமாகப் பாடங்கள் இருக்கின்றன. நார்வேயின் ஸ்லைப்னர் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் கடலடிப் பாறையில் செலுத்தி வந்திருக்கிறது. அல்ஜீரியாவின் இன் சாலா 2004-இல் தொடங்கி, மூடிப் பாறை பற்றிய கவலையால் 2011-இல் நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கார்கன் 2019 முதல் செலுத்துகிறது. நிலத்தடி அழுத்தத்தைச் சமாளிக்க முடியாமல் சொன்ன அளவை எட்டவில்லை. இந்தியப் பாறைகள் இதில் எந்த மாதிரி நடந்துகொள்ளும் என்று கிணறு தோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் புவியியல், புவி இயற்பியல் படித்தவர்கள் வேண்டும். ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், மும்பை ஐ.ஐ.டி.யின் கார்பன் மையம் போன்ற இடங்களுக்குப் போகலாம். ஊரை விட்டுப் போக வேண்டும், களத்தில் நிற்க வேண்டும், முடிவு தெரியப் பத்து வருஷம் ஆகலாம். புவியியல் படித்த பிள்ளை என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அக்கா மகள் படித்தது வேதியியல்.

பொருளாக்குவது, கல்லாக்குவது

மெத்தனால் ஆக்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பிரதேசத்தில் விந்தியாசல் அனல் மின் நிலையத்தில் என்.டி.பி.சி. நாளுக்கு 20 டன் பிடித்து மெத்தனால் ஆக்கும் அமைப்பு வைத்திருக்கிறது. ஒரு டன் மெத்தனாலுக்கு 190 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து அதை எடுக்க ஏறக்குறைய 10,000 யூனிட் மின்சாரம் ஆகும். அந்தச் சூரிய மின்சாரத்தை நேராக கிரிட்டுக்குக் கொடுத்தால் நிலக்கரியே மிச்சமாகும். மெத்தனாலை எரித்ததும் வாயு திரும்ப வானத்துக்குப் போகும். வினையூக்கி வேதியியலில் ஆசை இருந்தால் செய்யலாம். வாயுவைக் குறைக்கும் ஆசையில் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கல்லாக்குவது எனக்குப் பிடித்த வழி. ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் தண்ணீரில் கரைத்த வாயுவை பசால்ட் பாறைக்குள் செலுத்தியபோது, இரண்டு வருஷத்துக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கார்பனேட் கனிமமாகிவிட்டது என்று 2016-இல் காட்டினார்கள். ஒரு டன்னுக்கு 25 டன் தண்ணீர் போல ஆகும். சித்தூர் தாலுகாவில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. ஆனால் அதே வேதியியலைத் தரைக்கு மேலேயும் செய்யலாம். ஹாலோ பிளாக், இன்டர்லாக் கல் அச்சிடும் பட்டறைகள் கஞ்சிக்கோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை எத்தனை! அச்சிலிருந்து எடுத்த கல்லை வெயிலில் அடுக்கித் தண்ணீர் தெளிப்பதற்குப் பதில், மூடிய அறையில் வைத்து கார்பன் டை ஆக்சைடு விட்டால் அது சிமெண்டோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகும். கல் சீக்கிரம் இறுகும். பல நாள் காத்திருப்பு ஒரு நாளாகச் சுருங்கலாம். பட்டறைக்காரருக்கு அந்த இடமும் நேரமும்தான் லாபம். வானிலையைப் பற்றி அவரிடம் பேசத் தேவையே இல்லை.

எல்லை தெரிந்து போக வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இது ஆகாது. கார்பனேட் ஆனால் கான்கிரீட்டின் காரத்தன்மை குறைந்து கம்பி துருப்பிடிக்கும். கம்பியில்லாத கல்லுக்கு மட்டும். அளவும் குறைவுதான்: சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்கு வாயு உள்ளே போனாலே நல்ல விஷயம். உலோகம் உருக்கும்போது மிஞ்சும் கசடான ஸ்லாக்கைப் பயன்படுத்தலாம் என்று எல்லோரும் எழுதுவார்கள். கஞ்சிக்கோட்டு இண்டக்‌ஷன் ஃபர்னஸ் ஸ்லாக்கில் பெரும்பாலும் சிலிக்காதான், கால்சியம் குறைவு, வாயு ஒட்டாது. கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் இரும்பு உருக்கும் குப்போலா உலையின் ஸ்லாக்கில் சுண்ணாம்பு போடுவதால் கால்சியம் உண்டு, ஆனால் அது கண்ணாடி மாதிரி இருக்கும், மெதுவாகத்தான் வினையாற்றும். அதை எப்படி உசுப்புவது என்பது முழு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும் கேள்வி.

கடைசி வழி, வாயுவே வராமல் பார்ப்பது. சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த எல்சி3 சிமெண்டில் கிளிங்கர் பாதிதான். மீதியில் சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 சதவீதம். கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 800 போதும், அதிலிருந்து போவது தண்ணீர் ஆவி. மொத்த வாயு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, சில கணக்கில் 40 சதவீதம் வரை. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (இ.பி.எஃப்.எல்.) டெல்லி, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.களும் சேர்ந்து வளர்த்தது. 2023-இல் இந்தியத் தரக்குறியீடும் வந்துவிட்டது, ஐ.எஸ். 18189. "இது கேப்சரே இல்லையேங்க மாமா" என்றாள். இல்லைதான். பிரேவிக்கில் கோபுரம் கட்டிப் பாதியைப் பிடிக்கிறார்கள். இங்கே மண்ணைச் சுட்டு மூன்றில் ஒன்றைத் தவிர்க்கலாம். புதைக்க இடம் தேட வேண்டாம், குழாய் வேண்டாம்.

கேரளத்தில் தோன்னக்கல், குண்டறை, மாடாயி என்று சீனக் களிமண் கிடைக்கும் இடங்கள் உண்டு. பீங்கானுக்கு ஆகாத மட்டக் களிமண்ணிலும் கயோலினைட் 40 சதவீதம் இருந்தால் சிமெண்டுக்குப் போதும். மிச்சமிருக்கும் சிக்கல்கள் சுவையானவை. இரும்பு கலந்த மண் சுட்டால் சிவக்கும்; சிமெண்ட் சாம்பல் நிறத்தில் இல்லாவிட்டால் கொத்தனார் கலப்படம் என்று திருப்பி அனுப்பிவிடுவார். சுட்ட மண் தண்ணீரை அதிகம் கேட்கும், கலவை இழுக்கும். கடலோரத்து உப்பைத் தாங்குவதில் இது நல்ல சிமெண்ட் என்பது கேரளக் கரைக்கு லாபம்.

அவளுக்கு என்ன சொன்னேன்

முதல் இடம் எல்சி3-யும் கல்லாக்குவதும் சந்திக்கும் வேலைக்கு. கிளிங்கர் குறைந்த சிமெண்டில் செய்த பிளாக் எவ்வளவு வாயு வாங்கும், வாங்கிய பிறகு பலம் என்ன ஆகும்? திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் ஆய்வகமான என்.ஐ.ஐ.எஸ்.டி., சென்னை ஐ.ஐ.டி., வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பாலக்காடு ஐ.ஐ.டி. என்று விசாரிக்க இடங்கள் உண்டு. இரண்டாவது, ஈரத்தைத் தாங்கும் திட உறிஞ்சி. மூன்றாவதாக எதையும் சொல்லவில்லை. வேலை வாய்ப்புக்கும் முதலில் சொன்னது ஒத்துவரும். இந்தியாவின் கார்பன் வணிகத் திட்டத்தில் சிமெண்ட் ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் வாயுவைக் குறைக்கும் இலக்கு வந்துவிட்டது. ஆலைகள் முதலில் தேடப்போவது கிளிங்கரைக் குறைக்கத் தெரிந்தவர்களைத்தான், கோபுரம் கட்டத் தெரிந்தவர்களை அப்புறம்தான்.

எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் சேரும் முன் வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: "சார், இங்க ரிக்கில ஓடுற வாயு சிலிண்டர்ல இருந்து வருதுங்களா, புகைபோக்கியில இருந்து வருதுங்களா?" சிலிண்டர் என்று சொன்னால் அடுத்த கேள்வி, எந்த வருஷம் ஆலைக்குக் கொண்டுபோவீர்கள் என்பது. அதற்குத் தேதியோடு பதில் சொல்கிறவரிடம் சேருங்கள்.